கவ்வாத்து கத்தியோட ராத்திரி முழுக்க ஸ்டேஷன்ல: மலைல கத்தி அருவா தூக்கிட்டுப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

டீ தோட்டம் வச்சிருக்கவங்க, கவ்வாத்து காண்ட்ராக்ட் எடுக்கிறவங்க, காபி மிளகு தோட்ட வேலைக்கு அருவாளோட பஸ்லயும் பைக்லயும் போய் வர்றவங்க எல்லாருக்கும்தான் இத எழுதுறேன். எனக்கு இதெல்லாம் முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா ஒரு ராத்திரி தூக்கமும் முப்பதாயிரத்துக்குக் கிட்ட காசும் மிச்சமாயிருக்கும், அதவிட எங்கம்மா அழுத அழுகை மிச்சமாயிருக்கும். கத்தி விஷயத்துல சட்டம் என்ன சொல்லுது, ஸ்டேஷன்ல என்ன நடக்குது, ரெண்டுக்கும் நடுவுல நம்ம கைல என்ன இருக்கணும், இது மூணும் எங்க பக்கம் யாருக்கும் தெளிவா தெரியல, எனக்கும் அப்ப தெரியாது.

நாங்க கோத்தகிரி பக்கம். ரெண்டு ஏக்கர் தேயிலை, அம்மா பேர்ல பட்டா, இலை இன்ட்கோ கூட்டுறவு டீ ஃபேக்டரிக்குப் போகுது. இலைக் காசு மட்டும் வச்சு குடும்பம் ஓடாதுங்கிறதால பக்கத்து தோட்டங்கள்ல கவ்வாத்து வேலையும் பேசி எடுப்பேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், தேயிலைச் செடிய நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ இடுப்புக்குக் கீழ வெட்டி விடணும், அப்பதான் புதுசா கிளைச்சு இலை கொடுக்கும், அதுதான் கவ்வாத்து. அதுக்கு மெஷினும் வந்துடுச்சு, ஆனா சரிவு ஜாஸ்தியா இருக்கிற தோட்டத்துல, தடிச்ச தண்டுல, கத்திதான் சுத்தமா வெட்டும். ஒரே வெட்டுல சாய்வா விழணும், தண்டு பிளந்துச்சுன்னா தண்ணி எறங்கி செடி பட்டுப்போகும். அதனால கவ்வாத்து கத்தி கனமா, நீளமா, முனை கொஞ்சம் வளைஞ்சு, சவரக்கத்தி மாதிரி கூர்மையா இருக்கும். தோட்டத்துல பார்த்தா வேலைச்சாமான், ராத்திரி ஒன்பதரைக்கு ரோட்டுல பைக்ல கட்டின பைக்குள்ள பார்த்தா அது வேற என்னவோவா தெரியும், இதுதான் மொத்தப் பிரச்சனையும்.

ஆகஸ்ட் மாசம் பெரிய வேலை ஒண்ணு பேசியிருந்தேன், ஆளுங்களுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. பழைய கத்திங்க தேஞ்சு போச்சுன்னு மேட்டுப்பாளையம் போய் எங்களுக்குப் பழக்கமான பட்டறைல எட்டு கத்தி அடிக்கச் சொல்லியிருந்தேன். லாரி ஸ்ப்ரிங் பட்டைல அடிச்சது, ஒண்ணு 650 ரூபா. சாயங்காலம்தான் கைப்பிடி போட்டு முடிச்சார், சாக்குல சுத்தி ஒரு ரெக்சின் பைல வச்சு பைக் பின்னாடி கட்டிட்டு கிளம்பினேன். பலா சீசன் கடைசி, வழியில பழம் தேடி வந்த யானை குட்டியோட ரோட்டுல நின்னுடுச்சு, ரெண்டு பக்கமும் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல நகரல. அந்த யானை நிக்காம இருந்திருந்தா நான் ஏழரைக்கே வீட்டுல இருந்திருப்பேன்.

அப்புறம் வழியில ஒரு இடத்துல வண்டி செக்கிங். எந்த இடம், எந்த ஸ்டேஷன்னு போடல, அது தேவையும் இல்ல. கீழ எங்கயோ ஒரு வெட்டு கேஸ் ஆகி ரெண்டு பேர தேடிட்டு இருந்திருக்காங்க, அது எனக்கு மறுநாள்தான் தெரியும். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எல்லாம் காமிச்சேன், சரின்னாங்க. "பைல என்னய்யா?" "கத்தி சார், கவ்வாத்து கத்தி." அந்த வார்த்தையோட அவர் முகமே மாறிடுச்சு. பைய எறக்கி சாக்க விரிச்சாங்க. டார்ச் வெளிச்சத்துல எட்டு புதுக் கத்தி வரிசையா பளபளன்னு கிடக்குது, எண்ணெய் கூட காயல. பார்த்ததும் எனக்கே நெஞ்சு திக்குன்னுச்சு. "எட்டு கத்தி எதுக்குடா? யாருக்கு எடுத்துட்டுப் போற?" ய்யா போய் டா வந்துடுச்சு. எட்டு ஆளு வேலை சார்னேன். பில் எங்கன்னாரு. பட்டறைல யாரு சார் பில் போடுறாங்க?

பட்டறைக்காரருக்கு போன் போடுறேன்னேன், போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் பெஞ்சுல உக்கார வச்சாங்க. யாரும் கை வைக்கல, அத சொல்லிடணும். ஆனா கேட்டதையே திரும்பத் திரும்ப வேற வேற ஆளு வந்து கேட்டாங்க, பழைய கேஸ் இருக்கான்னு பார்த்தாங்க, குளிருக்கு ஒரு துண்டு கூட இல்லாம விடிய விடிய உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லணும் சார்னு கேட்டுட்டே இருந்தேன், அப்புறம் பார்க்கலாம்னாங்க. அங்க அம்மா யானை அடிச்சுடுச்சோன்னு நெனச்சு பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பி ஜீப் எடுத்துட்டு ரோடு ரோடா தேடியிருக்காங்க. எனக்கு இதுல இன்னும் ஆறாம இருக்கிறது இதுதான். ஒரே ஒரு போன் கால், அதுக்கு என்ன ஆயிருக்கும்?

ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஒரு வெள்ளைப் பேப்பர நீட்டி கையெழுத்து போடச் சொன்னாங்க. கை நடுங்குச்சு, ஆனா எங்கப்பா இருந்தப்ப சொன்னது ஞாபகம் வந்துச்சு, எழுதாத பேப்பர்ல கை வைக்காதடான்னு. "எழுதிக் கொடுங்க சார், படிச்சுட்டு போடுறேன்"னேன். சத்தம் போட்டாரு. அங்க இருந்த ரைட்டர், வயசானவர், "விடுங்க, எழுதிடலாம்"னு சொல்லி அவரே உக்காந்து நான் சொன்னத எழுதினார். இன்ன தோட்டம், இன்ன வேலை, இன்ன பட்டறைல வாங்கினது, எட்டு கத்தின்னு. படிச்சுப் பார்த்துதான் கையெழுத்து போட்டேன். பின்னாடி என்னை காப்பாத்தினதுல பெரிய பங்கு அந்த எழுத்துக்குத்தான், ஏன்னா முதல் ராத்திரியே நான் என்ன சொன்னேன்ங்கிறது மாறாம அங்க இருந்துச்சு. நீங்க எந்த நிலைமைல இருந்தாலும் வெள்ளைப் பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க.

காலைல அண்ணன் எப்படியோ விசாரிச்சு வந்து சேர்ந்தார், அம்மாவையும் கூட்டிட்டு. பட்டா நகல், டீ போர்டு கொடுத்த சிறு விவசாயி கார்டு, ஃபேக்டரி இலை பாஸ்புக் எல்லாம் ஒரு மஞ்சப் பைல. இன்ஸ்பெக்டர் வந்து எல்லாத்தையும் பார்த்துட்டு, கேஸ் இல்ல போன்னு சொல்லிட்டார். கத்திய கேட்டதுக்கு, விசாரணை முடியட்டும் அப்புறம் வாங்கிக்கோன்னாங்க. எந்தப் பேப்பரும் கொடுக்கல. அப்போதைக்கு வெளிய வந்தா போதும்னு இருந்துச்சு, வந்துட்டோம்.

அதுக்கப்புறம்தான் நிஜமான நஷ்டம் ஆரம்பிச்சுது. போனா அய்யா இல்ல, நாளைக்கு வா. கத்தி இல்லாம ஆளுங்க சும்மா இருக்காங்க, அட்வான்ஸ் ஆறாயிரம் கொடுத்தது அவங்க சாப்பாட்டுக்கே போச்சு, அதை நான் திருப்பிக் கேக்க முடியுமா? தோட்டக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துட்டு வேற ஆளுக்கு வேலைய கொடுத்துட்டார், 18,000 ரூபா காண்ட்ராக்ட். அவர் மேலயும் தப்பு இல்ல, கவ்வாத்து நேரம் தவறினா அவர் செடிக்குத்தான் கேடு. அதவிட மோசம் ஊருக்குள்ள பேச்சு. போலீஸ் புடிச்சாங்களாம், கத்தியோடயாம்னு. எதுக்குக் கத்தின்னு யாரும் முழுசா கேக்கறதில்ல.

ஊட்டில ஒரு வக்கீல் சார் கிட்ட போனோம். 4,000 ரூபா வாங்கினார், ஆனா பொறுமையா உக்காந்து எல்லாத்தையும் வெளக்கினார். அவர் கேட்ட முதல் கேள்வி, கத்தி நீளம் எத்தன அகலம் எத்தன. கத்திதான் ஸ்டேஷன்ல இருக்கே. வீட்டுல இருக்கிற பழசை எடுத்துட்டு வரவான்னு கேட்டேன், அம்மா பக்கத்துல இருந்து "வேணாம் கண்ணு, இன்னொரு தடவ கத்தியோட ரோட்டுல போகாத"ன்னுட்டாங்க. தங்கச்சிக்கு போன் போட்டு டேப் வச்சு அளக்கச் சொன்னோம். பதினொரு இன்ச் நீளம், வளைவு கிட்ட ரெண்டே கால் இன்ச் அகலம்.

அளவு எதுக்குன்னா, 1959 ஆயுதச் சட்டம் இருக்கு, அதுக்குக் கீழ 2016ல போட்ட விதிகள் இருக்கு. அந்த விதில பிளேடு 9 இன்சுக்கு மேல நீளமா இருந்தாலோ 2 இன்சுக்கு மேல அகலமா இருந்தாலோ அந்தக் கத்தி வாள், ஈட்டி, குத்துவாள் இருக்கிற அஞ்சாவது வகைல வந்துடும். அரசாங்கம் அறிவிச்ச ஏரியாவுல அந்த வகைய லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தா குறைஞ்சது ஒரு வருஷம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். என் கத்தி ரெண்டு அளவுலயும் தாண்டுது. அந்த நிமிஷம் எனக்கு நாக்கு வறண்டு போச்சு. ஆனா அதே விதிலயே வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலை இதுக்காக செஞ்ச கத்தி இதுல சேராதுன்னு இருக்கு. சட்டத்தோட ரெண்டாவது பிரிவுலயும் வீட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செஞ்ச பொருள் ஆயுதம் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்காம். அதனால "தம்பி, உன் கத்திய காப்பாத்துறது அளவு இல்ல, அது எதுக்காக செஞ்சதுங்கிறதுதான்"னு சொன்னார். அளவு சின்னதா இருந்தாலும் நிம்மதியா இருந்துட முடியாதாம், ஊருக்கு ஊரு அறிவிப்பு மாறும். டெல்லில 1980லயே ஒரு அறிவிப்பு போட்டு பட்டன் அமுக்கினா திறக்கிற கத்தி மூணு இன்ச் இருந்தாலே கேஸ்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல பட்டாக்கத்தில கேக் வெட்டி ரீல்ஸ் போட்டு உள்ள போற பசங்கள பார்க்கிறோமே, அதுக்கு விவசாயம்னு யாரும் சொல்ல முடியாது.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. ஆனா செக்கிங்ல நிக்கிற போலீஸ்காரருக்கு நான் விவசாயின்னு எப்படித் தெரியும்? அத நாமதான் காட்டணும், அதுவும் அந்த இடத்துலயே காட்டணும். கார்டும் பாஸ்புக்கும் வீட்டு பீரோல இருந்தா அதுக்கு நடுவுல ஒரு ராத்திரி போயிடுது. இப்ப நான் செய்யறது, பட்டா முதல் பக்கம், டீ போர்டு கார்டு, இலை பாஸ்புக் மூணையும் போட்டோ எடுத்து போன்லயும் வச்சிருக்கேன், ஜெராக்ஸ் போட்டு பைக் டேங்க் கவர்லயும் வச்சிருக்கேன், ஏன்னா போனை வாங்கி வச்சுட்டா போன்ல இருக்கிறது உதவாது. சொந்த நிலம் இல்லாத கூலி ஆளுங்களுக்கு தோட்டக்காரர் கிட்ட ஒரு துண்டு சீட்டாவது எழுதி வாங்கிக் கொடுத்துடுறேன், இன்ன தோட்டம், இன்ன தேதி, கவ்வாத்து வேலை, கீழ அவர் போன் நம்பர். பட்டறைல கையெழுத்துல ஒரு ரசீது, எத்தன கத்தி, என்ன வேலைக்குன்னு எழுதச் சொல்லணும், எங்க பட்டறைக்காரர் இப்ப கேக்காமயே எழுதித் தர்றார். கத்திய வாய்க்கு உறை போட்டு, சாக்குல இறுக்கிக் கட்டி, கூடவே சாணைக்கல்லு, கையுறை, பழைய வேலைச் சட்டை வச்சு ஒரே மூட்டையா வைங்க, திறந்து பார்க்கிறவங்களுக்கு அது வேலை மூட்டைன்னு பார்த்த உடனே புரியணும். இடுப்புல சொருகுறது, சீட்டுக்கு அடில வைக்கிறது வேணவே வேணாம். பகல்ல எடுத்துட்டுப் போங்க. இருட்டிடுச்சுன்னா கத்திய பட்டறைலயே விட்டுட்டு வந்து மறுநாள் போய் எடுத்தாலும் பஸ் சார்ஜ்தான் நஷ்டம். எலெக்‌ஷன் நேரம், தடை உத்தரவு போட்ட நேரம்னா இன்னும் ஜாக்கிரதை, அந்த உத்தரவ மீறினா அது தனி கேஸ்.

புடிச்சுட்டாங்கன்னா என்ன கேக்கலாம்னும் வக்கீல் சார் சொன்னார். கைது பண்ணினா காரணத்த சொல்லணும், நாம சொல்ற ஆளுக்கு தகவல் கொடுக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். காரணம் சொல்றதும் 24 மணி நேரக் கணக்கும் அரசியல் சட்டத்துலயே இருக்கு, தகவல் கொடுக்கணும்ங்கிறத 1996 டிசம்பர்ல டி.கே.பாசு கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. ஏழு வருஷத்துக்குக் கம்மியா தண்டனை இருக்கிற விஷயத்துக்கு எடுத்த எடுப்புல கைது தேவையில்ல, நோட்டீஸ் கொடுத்து கூப்பிடலாம். பொருள எடுத்தா மகஜர், அதாவது என்னென்ன எடுத்தாங்கன்னு ஒரு பட்டியல், போடணும், நம்ம கையெழுத்து வாங்கி நகல் தரணும். 2024 ஜூலை 1ல இருந்து வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல எடுக்கிறத வீடியோ பண்ணணும்னு இருக்கு, எடுத்த விஷயத்த மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியப்படுத்தணும். எனக்கு இதுல ஒண்ணும் நடக்கல. மகஜர் இருந்திருந்தா கோர்ட்டுல மனு போட்டு கத்திய வாங்கியிருக்கலாம், பேப்பரே இல்லாததால கத்தி அங்க இருக்குன்னு நிரூபிக்கறதே பாடா போச்சு. கடைசில அந்த ரைட்டர் எழுதின வாக்குமூலத்துல எட்டு கத்தின்னு இருந்தது, அத சொல்லி, மேலதிகாரிக்கு பதிவுத் தபால்ல ஒரு மனு போட்டு, அதோட நகலை எடுத்துட்டு வக்கீல் சாரே கூட வந்தப்புறம்தான் கொடுத்தாங்க. ஏழுதான் இருந்துச்சு. எட்டாவது என்னாச்சுன்னு கேக்க எனக்குத் தெம்பு இல்ல.

இன்னொரு விஷயம், இது நம்ம மலைக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம், எனக்கு இதக் கேட்டப்பதான் நிஜமாவே பயம் வந்துச்சு. ரோட்டுல விவசாயக் கத்தின்னு சொல்லித் தப்பிக்கிறோம், காட்டுக்குள்ள அந்தப் பேச்சே எடுபடாது. 1972 வன உயிரினச் சட்டத்துல ஆயுதம்னா என்னென்னன்னு ஒரு பட்டியல் இருக்கு, துப்பாக்கி, வில் அம்பு, வலை, கண்ணி எல்லாத்தோடயும் கத்தின்னும் எழுதியிருக்கு. நீளம் அகலம் எதுவும் சொல்லல, விவசாயத்துக்கு விலக்கும் எழுதல. 31வது பிரிவுல எழுத்துல அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையக் கூடாதுன்னு இருக்கு, தேசியப் பூங்காவுக்கும் அதேதான். மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 2022ல திருத்தினப்புறம் ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், வண்டியையும் எடுத்துக்கலாம். நம்ம நீலகிரில இருக்கிற முதுமலை, முக்குருத்தி மட்டும் இல்ல, கொடைக்கானல் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்களும் கேட்டுக்கோங்க, 2013ல இருந்து அங்க சுத்தி 600 சதுர கிலோமீட்டருக்கு மேல கொடைக்கானல் சரணாலயம்தான், பூம்பாறை மன்னவனூர் பக்கம் பூண்டுக் காட்டு வேலைக்கு அருவாளோட போறவங்க குறுக்கு வழின்னு காட்டுக்குள்ள எறங்கிடாதீங்க. கூடலூர் பக்கம் வேலைன்னா நான் நடுவட்டம் வழியாவே போறேன், கத்தி இருக்கிறப்ப முதுமலைக் காட்டுக்குள்ள போற மசினகுடி தெப்பக்காடு வழிய எடுக்கறதே இல்ல. எடுத்தே ஆகணும்னா நடுவுல எங்கயும் வண்டிய நிறுத்தி எறங்காதீங்க, ஒன்னுக்குப் போறதா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல வாங்கின கேம்பிங் கத்திய பெல்ட்ல மாட்டிட்டு ட்ரெக்கிங் வர்ற கீழ்நாட்டுப் பசங்களுக்கும் இது பொருந்தும், அவங்களுக்கு யாராவது சொல்லுங்க.

எனக்கு மனசு கேக்காத ஒண்ணு இருக்கு. இந்த மலைல இரும்புச் சாமான் செய்யறது நேத்து வந்த வேலை இல்ல. கோத்தர் சனங்க தலைமுறை தலைமுறையா கொல்லு வேலை பார்த்து மலை மொத்தத்துக்கும் கத்தி, கொத்து, அருவா செஞ்சு கொடுத்தவங்க. கத்தி இல்லாம இங்க ஒரு செடி நிமிராது. அந்த வேலைச்சாமான தூக்கிட்டுப் போறவன சந்தேகத்துல புடிக்கலாம், கேள்வி கேக்கலாம், அது அவங்க வேலை, ஒத்துக்கிறேன். கேட்டு பதில் கிடைச்சப்புறமும் விடிய விடிய உக்கார வைக்கிறதும், அம்மாவுக்கு ஒரு தகவல் சொல்ல விடாததும், பேப்பர் கொடுக்காம சாமான எடுத்து வச்சுக்கிறதும் தப்பு. இத நான் எங்க வேணா சொல்லுவேன்.

காசு இல்லைனா வக்கீல் வைக்க முடியாதேன்னு பயப்படாதீங்க. பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி, வருமானம் கம்மியா இருக்கிறவங்க, கஸ்டடில இருக்கிறவங்க எல்லாருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா வக்கீல் இலவசம், போன் நம்பர் 15100. எனக்கு இது தெரியவந்தது வக்கீல் பீஸ் கொடுத்து முடிச்சப்புறம். அந்த நம்பர இப்ப அம்மா போன்லயும், எங்ககூட வேலை செய்யற ஆளுங்க எல்லார் போன்லயும் சேவ் பண்ணிக் கொடுத்திருக்கேன், போன் இல்லாதவங்களுக்கு அந்தத் துண்டு சீட்டு பின்னாடி எழுதிக் கொடுக்கிறேன்.